ஏட்டுச் சுரைக்காய்க் கோடிகள்!

ஷெல் நிறுவனங்களின் நடப்புச் சொத்துக்குள் இருப்பது என்ன? பங்கு வாங்கும் முன் எந்த வரியைப் பார்ப்பது?

2017 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. காலை 9.15-க்குச் சந்தை திறந்தது. நாடெங்கும் புரோக்கர் அலுவலகத் திரைகளில் சில பங்குகளுக்கு மட்டும் விற்கும் ஆர்டரும் போகவில்லை, வாங்கும் ஆர்டரும் போகவில்லை. முந்தைய நாள் மாலை வரை சாதாரணமாகக் கைமாறிக்கொண்டிருந்த பங்குகள் அவை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கடிதம். ஷெல் நிறுவனங்கள் என்று சந்தேகிக்கப்படும் 331 நிறுவனங்களின் பட்டியலை இணைத்து, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி முதல் நாள் பங்குச் சந்தைகளுக்கு அனுப்பிய கடிதம். இனி அந்தப் பங்குகளில் மாதத்துக்கு ஒரே நாள், முதல் திங்கட்கிழமை மட்டும்தான் வர்த்தகம். வாங்க நினைப்பவர் பங்கின் மதிப்பைப் போல இரண்டு மடங்குத் தொகையைக் கூடுதல் வைப்பாகக் கட்ட வேண்டும். சென்செக்ஸ் அன்று 250 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது.

அதோடு முடியவில்லை. பட்டியலில் இருந்த ஜே. குமார் இன்ஃப்ராபுராஜெக்ட்ஸ், மும்பையில் மெட்ரோ பாதை கட்டிக்கொண்டிருந்த நிறுவனம். பிரகாஷ் இண்டஸ்ட்ரீஸுக்கு சத்தீஸ்கரில் எஃகு ஆலையே இருக்கிறது. இரண்டும் பங்குப் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு ஓடின. ஆகஸ்ட் 10 அன்று இடைக்காலத் தடை கிடைத்தது. விசாரிக்காமலே முத்திரை குத்திவிட்டீர்களே என்பது செபியின் மீது விழுந்த குட்டு.

ஆக, அரசுப் பட்டியல் வரட்டும் என்று காத்திருப்பவருக்கு இரண்டு விதத்திலும் நஷ்டம். பட்டியல் வந்த பிறகு விற்க முடியாது. வந்த பட்டியலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எது ஷெல், எது நிஜத் தொழில் என்று முதலீட்டாளர் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் இடம் உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் ‘நடப்புச் சொத்துகள்’ என்ற தலைப்பின் கீழ் வரும் ஐந்தாறு வரிகள்தான் அது.

பெயர் உண்டு, வரையறை இல்லை

ஷெல் நிறுவனம் என்றால் என்ன என்று 2013 நிறுவனங்கள் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. தொழில் நடத்தாமல் பதிவை மட்டும் காப்பாற்றிக்கொள்ள விரும்புவோருக்கு 455-ஆம் பிரிவில் ‘செயலற்ற நிறுவனம்’ என்ற தகுதி இருக்கிறது. அது வேறு கதை. நம் ஊர்ப் பேச்சில் இவற்றுக்கு லெட்டர்பேட் கம்பெனி என்று பெயர். கொல்கத்தாவில் ஜமாகர்ச்சி கம்பெனி என்பார்கள்.

அமெரிக்காவில் வரையறை உண்டு. அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 2005-ல் வகுத்த விதிப்படி, தொழில் பெயரளவுக்கு மேல் இருக்கக் கூடாது. சொத்தும் பெயரளவுக்குத்தான் இருக்க வேண்டும், அல்லது இருக்கும் சொத்து ஏறக்குறைய முழுவதும் ரொக்கமாக இருக்க வேண்டும். அப்படியானால் அது ஷெல். சொத்தின் தன்மையை வைத்தே வரையறையைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஷெல்லாக இருப்பது குற்றமும் இல்லை. வேறொரு தொழிலை வாங்குவதற்காகவே மக்களிடம் பணம் திரட்டும் ‘ஸ்பேக்’ நிறுவனங்கள் எல்லாமே ஷெல்தான். திரட்டிய பணம் தனி அறக்கட்டளைக் கணக்கில், பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களில் கிடக்கும். இணைப்பு பிடிக்காத பங்குதாரர் பங்கைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பணம் யாரிடம் இருக்கிறது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும்.

இங்கே நிலைமை தலைகீழ். அமெரிக்க ஷெல்லில் ரொக்கம் மட்டும் இருக்கும். இந்தியாவில் பிடிபடும் ஷெல்களில் ரொக்கம் ஒன்றுதான் இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும். வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, பிறருக்குக் கொடுத்த குறுகிய காலக் கடன், முன்பணம் என்று கோடிக்கணக்கில் எழுதியிருப்பார்கள்.

இது புதிய வியாதியும் அல்ல. 1990-களின் புதுப் பங்கு மோகத்தில் மக்களிடம் பணம் திரட்டிவிட்டு முகவரியே இல்லாமல் போன நிறுவனங்களை ‘மறைந்துபோனவை’ என்று மத்திய அரசும் செபியும் சேர்ந்து பட்டியலிட்டன. எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது.

> எண்களில் 2017
>
> * அந்த ஆண்டு நிறுவனப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவை: 2 லட்சத்துக்கும் அதிகம்.
> * நீக்கப்பட்டவற்றில் சுமார் 5,800 நிறுவனங்களின் வங்கி விவரங்களை 13 வங்கிகள் முதல் கட்டமாக அரசுக்குக் கொடுத்தன. அவற்றின் பெயரில் இருந்த கணக்குகள்: 13,140.
> * பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்த 2016 நவம்பர் 8 அன்று கடன் கணக்குகளைக் கழித்து அவற்றில் இருந்த தொகை: 22.05 கோடி ரூபாய்.
> * அதன் பிறகு, பதிவு நீக்கப்படும் வரை போடப்பட்டது: 4,573.87 கோடி. எடுக்கப்பட்டது: 4,552 கோடி.
> * ஒரே ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்த வங்கிக் கணக்குகள்: 2,134.

பெட்டியில் உள்ள மூன்றாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஷெல் நிறுவனத்தில் பணம் தங்குவதில்லை, கடந்து போகிறது. மார்ச் 31 அன்று வங்கியில் பத்து லட்சம் என்று எழுதியிருப்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பத்து லட்சத்தின் வழியாக ஆண்டு முழுவதும் ஓடியது எவ்வளவு என்பதைத்தான் அந்த வரி சொல்லாது.

ஒன்பது ரூபாய்ப் பங்கு, பத்தொன்பது ரூபாய் மதிப்பு

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் நம்முடையவை, அமைப்பு, சந்தையில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பது.

மொத்தச் சொத்து 40 கோடி ரூபாய். அதில் வங்கி இருப்பு 10 லட்சம். சரக்கிருப்பு 1 கோடியே 40 லட்சம். வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டியது 11 கோடி. பிறருக்குக் கொடுத்த குறுகிய காலக் கடன்களும் முன்பணங்களும் 27 கோடி. மேசை, நாற்காலி, கணினி எல்லாம் சேர்த்து 50 லட்சம். தர வேண்டிய கடன் வெறும் 2 கோடி. பங்குகள் 2 கோடி. ஒரு பங்கின் புத்தக மதிப்பு 19 ரூபாய். சந்தையில் விலை 9 ரூபாய்.

பார்த்தவுடன் எச்சில் ஊறும். நடப்புச் சொத்து, நடப்புக் கடன்களைப் போலப் பத்தொன்பது மடங்குக்கு மேல். நடப்புச் சொத்திலிருந்து எல்லாக் கடனையும் கழித்து, மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாக விலை இருந்தால் வாங்கலாம் என்று மதிப்பு முதலீட்டின் முன்னோடி பெஞ்சமின் கிரகாம் சொன்ன சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். பங்குக்கு 12 ரூபாய் 50 காசு வருகிறது. விலையோ 9. கிரகாம் சொல்படி மலிவோ மலிவு.

கிரகாமின் சூத்திரத்தில் தவறில்லை. நடப்புச் சொத்து என்று எழுதியிருப்பது ஓராண்டுக்குள் பணமாகும் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஷெல் நடத்துபவர் பிழைக்கிறார். நிலம் என்று எழுதினால் சர்வே எண் கேட்பார்கள், பத்திரம் கேட்பார்கள். ஆலை என்று எழுதினால் மின் கட்டண ரசீது காட்ட வேண்டும். ‘பிறருக்குக் கொடுத்த முன்பணம் 27 கோடி’ என்று எழுத ஒரு கடிதம் போதும்.

அதனால் கேட்க வேண்டியது ‘எவ்வளவு?’ என்பது இல்லை, ‘யாரிடம்?’ என்பதே. ஒவ்வொரு நடப்புச் சொத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். வங்கி இருப்பு என்றால் ஒரு வங்கி. பாக்கி என்றால் சரக்கு வாங்கிய ஒருவர். கடன் என்றால் கடனாளி. அந்த ஒருவர் யார், அவர் நிஜமா, அவரால் திருப்பித் தர முடியுமா என்று ஒவ்வொரு வரியாகத் துருவ வேண்டும்.

வங்கியே இல்லை என்று சொன்னால்?

இருப்பதிலேயே நம்பகமானது வங்கி இருப்புதான் என்று நினைப்போம். உலகின் மிகப் பெரிய கணக்கு மோசடிகள் சில அந்த வரியில்தான் நடந்தன.

இத்தாலியின் பால் பொருள் நிறுவனமான பார்மலாட்டுக்கு, கேமன் தீவில் போன்லாட் என்றொரு துணை நிறுவனம் இருந்தது. தொழில் எதுவும் இல்லாத அசல் ஷெல். அதன் பெயரில் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ இருப்பதாகக் கணக்கு. 2003 டிசம்பரில் அந்த வங்கி, அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை என்றது. தணிக்கையாளரிடம் காட்டப்பட்ட வங்கிக் கடிதம் போலி. சில நாள்களில் பார்மலாட் திவாலானது.

பதினேழு ஆண்டு கழித்து ஜெர்மனியில் அதே நாடகம். வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனம், அந்நாட்டின் முதன்மைக் குறியீடான டாக்ஸில் இடம்பெற்றிருந்தது. அதன் 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸின் இரண்டு வங்கிகளில் அறங்காவலர் கணக்கில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு வங்கிகளுமே ஆவணங்கள் போலி என்றன. 2020 ஜூன் 18 அன்று தணிக்கையாளர் இ.ஒய். கையெழுத்திட மறுத்ததை நிறுவனம் அறிவித்தது. 25-ஆம் தேதி திவால் மனு. ஒரே வாரம்.

நமக்கு, மென்பொருள் நிறுவனமான சத்யம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தை நடப்புச் சொத்துப் பாடமாகவே வைக்கலாம். ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. வரவேண்டிய வட்டி என்று எழுதிய 376 கோடியும் பொய். வாடிக்கையாளர் பாக்கி 2,651 கோடியில் 490 கோடி மிகை. கடிதத்தில் இருந்த நான்கு ஓட்டைகளில் மூன்று, நடப்புச் சொத்தில்தான். பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. சத்யம் ஷெல் இல்லை. பல்லாயிரம் பேர் வேலை பார்த்த நிறுவனம். ஆனால் ராஜு குடும்பம் நிலம் வாங்கவும் பணம் சுற்றவும் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பின்னால் வைத்திருந்ததாக சி.பி.ஐ. சொன்னது.

வங்கி இருப்பைச் சோதிக்க எல்லோரும் சொல்லும் வழி, வட்டி வந்திருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல வழிதான். ஆனால் சத்யத்தில் வட்டியையும் சேர்த்தே ஜோடித்திருந்தார்கள். அதனால் இன்னொரு கேள்வியும் தேவைப்படுகிறது: கையில் இவ்வளவு பணம் வைத்திருப்பவர் எதற்காகக் கடன் வாங்குகிறார்? வயர்கார்டு 2019-ல் மட்டும் மாற்றத்தக்க பத்திரமாக 90 கோடி யூரோவும், சாதாரணக் கடன் பத்திரமாக 50 கோடி யூரோவும் திரட்டியது. அந்தக் கேள்வியை அன்றைக்கே சிலர் கேட்டார்கள், பெரும்பாலோர் கேட்கவில்லை.

நான்கு முறை பயணம் போன வைரம்

அடுத்தது சரக்கிருப்பும், வாடிக்கையாளர் பாக்கியும். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை: சரக்கு விற்றால் பாக்கி ஆகும், பாக்கி வந்தால் பணம் ஆகும். பணம் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்?

வைர வியாபாரி நீரவ் மோடியின் அமெரிக்க நிறுவனங்கள் திவாலானபோது, நீதிமன்றம் நியமித்த ஆய்வாளர் 2018 ஆகஸ்டில் ஓர் அறிக்கை கொடுத்தார். ஹாங்காங்கிலும் துபாயிலும் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட நிழல் நிறுவனங்கள், தமக்குள் விற்று வாங்கியதை அது பக்கம் பக்கமாக விவரித்தது. அதில் ஒரு கல்லின் கதை: மூன்று காரட்டுக்குச் சற்று மேற்பட்ட, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு வைரம் 2011-ல் ஐந்து வாரத்துக்குள் நான்கு முறை உலகைச் சுற்றியது. ஒரு விலைப்பட்டியலில் பத்து லட்சம் டாலருக்கு மேல். இன்னொன்றில் இரண்டு லட்சத்துக்கும் கீழே. கல் ஒன்றுதான். ஏட்டில் விற்பனை நான்கு, பாக்கிகளும் நான்கு.

நம் கற்பனை நிறுவனத்துக்குத் திரும்புவோம். ஆண்டு விற்பனை 12 கோடி என்று வைத்தால், 11 கோடி பாக்கி என்பது ஏறக்குறைய 335 நாள் விற்பனை. அதாவது மார்ச் முடிவில், முந்தைய மே மாதம் விற்றதற்கே இன்னும் பணம் வரவில்லை. ஈரோட்டு ஜவுளிக்காரரோ சிவகாசி அச்சகக்காரரோ ஒரு வாடிக்கையாளரை இத்தனை நாள் விட்டுவைப்பாரா? லாபம் இருக்கிறது, பணம் இல்லை என்றால் அந்த லாபம் எழுதப்பட்ட லாபம்.

முன்பெல்லாம் இதைத் தோண்டுவது கஷ்டம். 2021 ஏப்ரல் முதல் நிலைமை முதலீட்டாளருக்குச் சாதகமாக மாறியது. நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் செய்த திருத்தத்தால், பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டாண்டுக்குள், மூன்றாண்டுக்குள், அதற்கும் மேல். வழக்கில் சிக்கியது எவ்வளவு என்பது தனி. அதே திருத்தம் இன்னொரு பொறியும் வைத்தது. பதிவு நீக்கப்பட்ட நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் அவற்றின் பெயரோடு பாக்கியையும் வெளியிட வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்பட்ட பாக்கி, அதுவும் பதிவே இல்லாத நிறுவனத்திடமிருந்து. அதற்கு ஒதுக்கீடும் செய்யவில்லை. இப்படி ஒரு குறிப்பைப் பார்த்தால் அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடுவதுதான் முறை.

இருபத்தேழு கோடி யாருக்குக் கடன்?

ஷெல்லின் மர்மம் எல்லாம் புதைந்திருக்கும் வரி இது: குறுகிய காலக் கடன்களும் முன்பணங்களும். மற்ற வரிகளைப் பொய்யாக்க பில் வேண்டும், லாரி ரசீது வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்கு வேண்டும். இதற்கு இயக்குநர் குழுத் தீர்மானம் ஒன்று போதும்.

சுற்று எப்படிப் போகிறது? காலையில் முதல் நிறுவனம் இரண்டாவதன் பங்குகளை ஒரு கோடிக்கு வாங்குகிறது. மதியம் இரண்டாவது நிறுவனம் அந்த ஒரு கோடியை மூன்றாவதுக்குக் கடனாகக் கொடுக்கிறது. மாலையில் மூன்றாவது, முதல் நிறுவனத்தின் பங்குகளை ஒரு கோடிக்கு வாங்குகிறது. பணம் புறப்பட்ட கணக்குக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் மூன்று ஏடுகளிலும் தலா ஒரு கோடி சொத்து புதிதாகப் பிறந்திருக்கிறது. இதையே பத்து நிறுவனம், நூறு சுற்று என்று பெருக்கினால் 27 கோடி ஒரு பெரிய தொகையே இல்லை.

2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த என்.ஆர்.ஏ. அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கு, இந்த வலையின் மறுமுனையைக் காட்டியது. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 190 ரூபாய் பிரீமியத்தில் வாங்கியதாகச் சொன்ன நிறுவனங்களின் முகவரிகள் மும்பையிலும் கொல்கத்தாவிலும் கௌஹாத்தியிலும் இருந்தன. வருமான வரித் துறை ஆளனுப்பிப் பார்த்தது. சொன்ன முகவரியில் பலவற்றைக் காணவே இல்லை. இத்தனை பிரீமியம் கொடுத்து ஏன் வாங்கினோம் என்று விளக்கவும் ஆளில்லை. 17 கோடியே 60 லட்ச ரூபாயையும் விளக்கமில்லாத வருமானம் என்று துறை எடுத்த முடிவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வரித் துறை செய்த அதே வேலையைச் சாதாரண முதலீட்டாளர் வீட்டிலிருந்தே செய்யலாம். நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் பதிவு முகவரியும் நிலையும் தெரியும். ஒரே அறையில் இருபது நிறுவனங்கள் குடியிருந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை.

வட்டியைப் பார்ப்பது இங்கேதான் நன்றாக வேலை செய்யும். 27 கோடிக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றாலும் 2 கோடியே 70 லட்சம் வர வேண்டும். லாப நட்டக் கணக்கில் ‘வட்டி வருமானம் 8 லட்சம்’ என்றிருந்தால், கொடுத்தது கடனாக இருக்க முடியாது. சட்டமும் இதில் தெளிவு: 186-ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் கொடுக்கும் கடனுக்கான வட்டி, அதே காலத்துக்கு நெருக்கமான அரசுக் கடன் பத்திர வருவாயைவிடக் குறையக் கூடாது. யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தோம் என்பதை நிதி அறிக்கையிலேயே சொல்லவும் வேண்டும். வங்கியல்லா நிதி நிறுவனங்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஷெல் நடத்துவோர் பலர் அந்த உரிமத்தை ஏன் விரும்பினார்கள் என்பதும் இதிலிருந்து புரியும்.

> ஆண்டறிக்கையில் எந்தப் பக்கம்?
>
> * தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பு (காரோ 2020): சரக்கை நேரில் சரிபார்த்தார்களா, பத்து சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்ததா, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்தார்களா என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கும்.
> * அதே இணைப்பு, இரண்டாவது கூறு: நடப்புச் சொத்தை அடமானம் வைத்து 5 கோடிக்கு மேல் வங்கி வரம்பு வாங்கியிருந்தால், வங்கிக்குக் கொடுத்த காலாண்டுக் கணக்கும் ஏட்டுக் கணக்கும் ஒத்துப்போகிறதா?
> * தொடர்புடைய தரப்பினர் குறிப்பு: புரமோட்டர், இயக்குநர், அவர்களது நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன். திருப்பித் தரும் கெடு இல்லாமல் கொடுத்திருந்தால் மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்றும் இருக்கும்.
> * பணப் புழக்க அறிக்கை: தொழிலிலிருந்து வந்த பணம் மூன்று நான்கு ஆண்டுகளாக எதிர்மறையா?

விலை மட்டும் ஏறும்போது

இவ்வளவு படித்து யார் பங்கு வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலும் டெலிகிராம் குழுவில் வந்த டிப்ஸ்தான். 2024 ஜூலை 23 அன்று எல்.எஸ். இண்டஸ்ட்ரீஸ் பங்கு 22 ரூபாய் 50 காசு. செப்டம்பர் 27 அன்று 267 ரூபாய் 50 காசு. வருமானம் ஏறக்குறைய இல்லாத அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு உச்சத்தில் 22,700 கோடி ரூபாய் என்று செபி தன் 2025 பிப்ரவரி இடைக்கால உத்தரவில் கணக்குச் சொன்னது. துபாயில் இருக்கும் ஒருவர் அந்த நிறுவனத்தின் 12 சதவீதப் பங்குகளை வாங்கக் கொடுத்த விலை, ஒரு டாலர்.

அந்த உத்தரவுக்கு இரண்டு மாதம் முன்பு பாரத் குளோபல் டெவலப்பர்ஸ். முன்பு பர்ஃபாக்ட் வீவர்ஸ் என்ற பெயரில் இருந்தது. 2023 நவம்பரில் 16 ரூபாய் சொச்சம் இருந்த பங்கு, ஓராண்டில் 1,702 ரூபாயைத் தாண்டியது. பெரிய நிறுவனங்களிடமிருந்து ஆர்டர் வந்திருப்பதாக வெளியிட்ட அறிவிப்புகள் பொய் என்று முதல்கட்ட விசாரணையில் தெரியவந்ததாகக் கூறி, செபி வர்த்தகத்தையே நிறுத்தியது. இரண்டும் இடைக்கால உத்தரவுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் இவற்றைப் படித்தால் ஒரு வழக்கம் தெரிகிறது: பெயர் மாறும், தொழில் மாறும், குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புதுப் பங்கு ஒதுக்குவார்கள், அதன் பிறகு திடீரென்று ஒரு காலாண்டில் விற்பனையும் நடப்புச் சொத்தும் வீங்கும். வருடக்கணக்கில் வெறும் ஏடாக இருந்த நிறுவனம் ஒரு காலாண்டில் கோடிகளில் பாக்கி காட்டினால், வாங்கியவர் யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை தள்ளி நிற்கலாம்.

எதிர்மாறான ஒரு கதையும் உண்டு. எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு ஆலை இல்லை, கடை இல்லை, விற்பனையும் இல்லை. மொத்தமே 2 லட்சம் பங்குகள். சந்தையில் விலை 3 ரூபாய் 53 காசில் உறைந்துகிடந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் அதையும் லெட்டர்பேட் என்றே ஒதுக்கியிருப்பார். 2024 அக்டோபர் 29 அன்று முதலீட்டு நிறுவனங்களுக்காக நடந்த சிறப்பு ஏலத்துக்குப் பிறகு அந்தப் பங்கு 2,36,250 ரூபாயில் முடிந்தது. காரணம், அதன் பெட்டியில் இருந்தது ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகள். அவை டீமேட் கணக்கில் இருக்கின்றன. விலை தினமும் சந்தையில் ஓடுகிறது. டிவிடெண்ட் வங்கிக்கு வருகிறது. தொழில் இல்லை என்பதாலேயே ஒரு நிறுவனம் போலி ஆகிவிடாது. எதிர்ப்பக்கத்தில் நிற்பது யார் என்ற கேள்விக்கு அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் இருந்தது.

மாட்டிக்கொண்டவரின் கதி

முதல் அடி, வெளியே வர முடியாமை. ஷெல் பங்கு இறங்கும்போது மெதுவாக இறங்காது. தினமும் கீழ்வரம்பில் பூட்டிக்கொள்ளும். விற்க ஆயிரம் பேர், வாங்க ஒருவரும் இல்லை. கண்காணிப்பு நடவடிக்கை வந்தால் வாரத்துக்கொரு நாள், மாதத்துக்கொரு நாள் என்று வர்த்தகம் சுருங்கும். புத்தக மதிப்பு 19 ரூபாய் என்ற ஆறுதலால் அங்கே பயனில்லை.

இரண்டாவது அடி வரித் துறையிடமிருந்து. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பட்டியலிட்ட பங்கில் நீண்டகால லாபத்துக்கு வரியே இல்லாத காலம் 2018 மார்ச்சோடு முடிந்தது. அதுவரை, கறுப்புப் பணத்தை வெளுக்க, மிகக் குறைந்த விலைப் பங்குகளான பென்னி ஸ்டாக்குகள் தாராளமாகப் பயன்பட்டன: ஐந்து ரூபாய்க்கு வாங்கு, ஓராண்டு கழித்து ஐந்நூறு ரூபாய்க்கு யாரோ ஒரு ஷெல் வாங்கிக்கொள்ளும், லாபம் முழுக்க வரியில்லாதது. வாங்கிய ஷெல்லுக்கு ரொக்கம் கொடுத்தவர் விற்றவரேதான். இந்தச் சுழலில் தெரிந்து இறங்கியவரும் உண்டு, டிப்ஸைக் கேட்டு அப்பாவியாக வாங்கி விற்றவரும் உண்டு. நோட்டீஸ் வரும்போது இரண்டு பேருக்கும் ஒரே நோட்டீஸ்தான்.

2022-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் வரித் துறையின் பக்கம் நின்றது. வங்கி வழியாகப் பணம் வந்தது, புரோக்கர் சீட்டு இருக்கிறது என்ற காகித ஆதாரம் மட்டும் போதாது. தொழிலே இல்லாத நிறுவனத்தின் பங்கு இப்படி ஏறியது இயல்பா என்று சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. லாபத்தை விளக்கமில்லாத வருமானம் என்று முடிவுசெய்துவிட்டால், பணமதிப்பிழப்பை ஒட்டிக் கொண்டுவந்த விதிப்படி 60 சதவீத வரி, அதன் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி, செஸ் என்று மொத்தம் 78 சதவீதம் வரை போனது. அபராதம் தனி.

மூன்றாவது, நிறுவனமே காணாமல் போவது. பட்டியலிட்ட நிறுவனங்களின் பெயரைப் பதிவாளர் தாமாக நீக்க விதி இடம் தரவில்லை. ஆனால் ‘சீக்கிரமே ஐ.பி.ஓ. வருகிறது’ என்ற பேச்சை நம்பிப் பட்டியலிடாத பங்கை வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டு நிதியாண்டு தொழில் நடக்காவிட்டால் 248-ஆம் பிரிவின் கீழ் பெயர் நீக்கப்படலாம். மீட்க வழி இருக்கிறது: அரசிதழில் வெளியான நாளிலிருந்து இருபது ஆண்டுக்குள் பங்குதாரரோ, கடன் கொடுத்தவரோ, தொழிலாளியோ தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மீட்ட பிறகு அந்த 27 கோடியை யாரிடம் போய் வசூலிப்பது என்பது பழைய கேள்வி.

ஒரு பங்கு இருந்தாலும் கேட்கலாம்

ஏற்கெனவே இப்படி ஒரு பங்கு கையில் இருக்கிறது, விற்கவும் வழியில்லை என்பவருக்கு இருக்கும் கருவிகள் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. நிதி அறிக்கை பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்பே பங்குதாரர் கைக்கு வர வேண்டும். பல நிறுவனங்கள் இப்போது கூட்டத்தைக் காணொலியில் நடத்துவதால் கொல்கத்தாவுக்கோ சூரத்துக்கோ ரயில் ஏற வேண்டியதில்லை. முன்கூட்டிப் பேச்சாளராகப் பதிவு செய்துகொண்டால், ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் கேள்வி கேட்கலாம்.

பொதுவாகக் கேட்டால் ‘நிறுவனம் நல்ல நிலையில் உள்ளது’ என்று பதில் வரும். அதனால் குறிப்பு எண்ணோடு கேட்க வேண்டும். குறுகிய காலக் கடனில் முதல் ஐந்து கடனாளிகள் யார்? மார்ச் 31 அன்று இருந்த பாக்கியில் இன்றைய தேதிக்கு வங்கிக்கு வந்தது எவ்வளவு? போன ஆண்டு கணக்கில் இருந்த அதே முன்பணம் இந்த ஆண்டும் ஒரு ரூபாய் குறையாமல் இருப்பது ஏன்? தணிக்கையாளர் இடையில் விலகியிருந்தால் அவர் கொடுத்த காரணம் என்ன? இவற்றுக்கு எழுத்துமூலம் பதில் கேட்டு நிறுவனச் செயலருக்கு மின்னஞ்சலும் அனுப்பி வைக்கலாம். பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகாரைப் பதிந்தால், நிறுவனம் 21 நாளுக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். அந்தப் பதிலில் கடனாளியின் பெயர் இருந்தால், அமைச்சகத் தளத்தில் தேட அந்தப் பெயர் போதும்.